நீரில் வைத்த அடி

ஒரு கதை எங்கே முடிகிறது? சொன்னவனின் கடைசிச் சொல்லிலா, கேட்டவனின் உள்ளத்திலா? இலக்கணம் கற்றோர் மட்டுமே எழுப்பி வந்த இந்தக் கேள்வியை, இன்று வீட்டுக் கூடத்தில் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்ந்திருப்போரும் எழுப்புகின்றனர். எழுப்பி வாதாடவும் செய்கின்றனர். அவர்களை அப்படி வாதாட வைத்தவற்றுள் ஒன்று, 2019ஆம் ஆண்டு டிசம்பர் 15ஆம் நாள் அமெரிக்காவின் எச்.பி.ஓ. நிறுவனம் ஒளிபரப்பிய 'வாட்ச்மென்' தொடரின் ஒன்பதாவது பகுதி. அதுவே அதன் கடைசிப் பகுதியும் ஆகும். ஒரு பெண் நீச்சல்குளத்தின் கரையில் நிற்கிறாள். ஒரு பச்சை முட்டையை உடைத்து விழுங்குகிறாள். வெறுங்காலை மெல்லத் தூக்கித் தண்ணீரின்மேல் வைக்கிறாள். கால் நீரைத் தொடும் அந்த நொடியில் திரை இருண்டுவிடுகிறது. நீர் தாங்கிற்றா? அவள் மூழ்கினாளா? தொடர் சொல்லவில்லை. அதன் ஆசிரியர் டாமன் லிண்டெலாப் அந்தக் கதையை மேற்கொண்டு தொடரவும் இல்லை.

அன்று தொடங்கிய வழக்கு இன்னும் ஓயவில்லை. "தாங்கிற்று, ஐயமென்ன? அவள் ஆற்றல் பெற்றாள்" என்கின்றனர் ஒரு சாரார். "மூழ்கினாள், ஆசை காட்டி ஏமாற்றிய உலகம் அவளையும் ஏமாற்றிற்று" என்கின்றனர் மற்றொரு சாரார். மூன்றாம் சாராரோ சினந்தெழுந்து, "முடிக்கத் தெரியாதவர்கள் முடிக்காமல் விட்டுவிட்டு அதற்குக் கலை என்று பெயர் சூட்டுகிறார்கள்" என்கின்றனர். இம்மூவர் வாதத்தையும் நிறுத்துப் பார்ப்பதே நம் நோக்கம். முகமூடி மாட்டிய வீரர்களின் கதைக்கு இத்தனை ஆராய்ச்சி எதற்கு என்று கேட்போர் இருக்கலாம். அவர்களுக்கு நாம் கூறும் விடை ஒன்றே: இது பொழுதுபோக்கின் உடை உடுத்தி வந்த வழக்குரை. உடை கற்பனை, வழக்கு கற்பனையன்று.

வழக்கு எது? 1921ஆம் ஆண்டு மே 31, ஜூன் 1 ஆகிய நாட்களில், ஓக்லகோமா மாநிலத்தின் டல்சா நகரில் நடந்த படுகொலை. அந்நகரின் கிரீன்வுட் பகுதி, கறுப்பின மக்கள் தம் உழைப்பால் உயர்த்திய பகுதி. கடைகள், விடுதிகள், செய்தித்தாள்கள், மருத்துவர் மனைகள், படக்கொட்டகை எல்லாம் அவர்களுடையவையாகவே அங்கே இருந்தன. ஒரு கறுப்பின இளைஞன்மீது ஒரு வெள்ளைப் பெண்ணைத் தாக்க முயன்றான் என்ற பழி எழுந்தது. அந்தப் பழியைச் சாக்காகக் கொண்டு வெள்ளையர் கூட்டம் படைதிரண்டது. அக்கூட்டத்தில் பலருக்கு நகர அதிகாரிகளே துணைக்காவலர் என்னும் தகுதியும் கொடுத்தனர். முப்பத்தைந்து தெருக்கட்டங்கள் தீக்கிரையாயின. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் சாம்பலாயின. மாண்டோர் முந்நூறு பேர் வரை இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. ஆயிரக்கணக்கானோர் முகாம்களில் அடைக்கப்பட்டனர். அடைக்கப்பட்டவர்கள் கொளுத்தியவர்கள் அல்லர், வீடிழந்தவர்கள்! விசாரித்த நடுவர் குழு குற்றத்தைக் கறுப்பின மக்கள் தலையிலேயே சுமத்திற்று. அந்தக் கொலைகளுக்காகவோ தீவைப்புக்காகவோ ஒருவர்கூடத் தண்டனை பெறவில்லை. அதன்பின் பல்லாண்டுகள் பாடப்புத்தகங்களும் அதைப் பேசவில்லை. 'வாட்ச்மென்' தொடரின் முதற்காட்சியைப் பார்த்தபோதுதான் இப்படியொரு கொடுமை நடந்ததையே அறிந்தோம் என்று கூறிய அமெரிக்கர் பலர்.

அந்த முதற்காட்சியை நினைவில் நிறுத்திக்கொள்ள வேண்டும். கடைசிக் காட்சியின் திறவுகோல் அங்கேதான் கிடக்கிறது. டல்சா நகரின் படக்கொட்டகையில் ஒரு கறுப்பினச் சிறுவன் தனியே அமர்ந்து ஒரு பேசாப்படம் பார்க்கிறான். அவன் தாய் திரையருகே அமர்ந்து பியானோ வாசிக்கிறாள். திரையிலே, கருப்பு முக்காடிட்ட குதிரைவீரன் ஒருவன் வெள்ளுடை உடுத்திய ஊர்க்காவல் தலைவனைச் சுருக்குக் கயிற்றால் மடக்குகிறான். அந்தத் தலைவனே ஊராரின் மாட்டைத் திருடியவன். முக்காட்டை நீக்கிய வீரன் பாஸ் ரீவ்ஸ். 1838 முதல் 1910 வரை மெய்யாகவே வாழ்ந்த கறுப்பின மார்ஷல். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட குற்றவாளிகளைப் பிடித்தவர் என்று புகழப்பெறுபவர். திருடனைத் தூக்கில் போடு என்று ஊர் கூவுகிறது. வீரன் மறுக்கிறான், கூட்டம் தண்டிப்பது முறையன்று, சட்டத்தை நம்புங்கள் என்கிறான். சிறுவன் மகிழ்ந்து கைதட்டுகிறான். வெளியே சட்டத்தின் பேரால் வந்தவர்கள் அவன் ஊரைக் கொளுத்திக்கொண்டிருக்கிறார்கள்! ஒரே காட்சியில் சட்டத்தின் மாண்பும் சட்டத்தின் துரோகமும் எதிரெதிரே நிறுத்தப்படுகின்றன. தொடர் முழுவதும் இந்தச் சிறுவன் கேட்ட கேள்விக்கு விடைதேடும் பயணமே.

இனி, தொடரின் மூலத்தைப் பற்றிச் சிறிது. 1986, 1987 ஆண்டுகளில் பன்னிரண்டு இதழ்களாக வெளிவந்த 'வாட்ச்மென்' சித்திரக்கதையை எழுதியவர் ஆலன் மூர். வரைந்தவர் டேவ் கிப்பன்ஸ். இங்கிலாந்தைச் சேர்ந்த அவ்விருவரும், உலகைக் காக்க வரும் முகமூடி வீரர்களைப் போற்றிப் பாடவில்லை. கூண்டிலேற்றிக் குறுக்கு விசாரணை செய்தனர். அக்கதையில் ஏட்ரியன் வைட் என்னும் பேரறிவாளன், அணு ஆயுதப் போரைத் தடுப்பதற்கென்று நியூயார்க் நகரின்மீது தானே உருவாக்கிய அரக்க உயிரொன்றை ஏவி, இலட்சக்கணக்கானோரைக் கொல்கிறான். வேற்றுலகத்தார் படையெடுப்பு என்று அஞ்சிய வல்லரசுகள் சமாதானம் செய்துகொள்கின்றன. உண்மை அறிந்த வீரர்கள் வாய் மூடிக்கொள்கின்றனர். மூட மறுத்த ஒருவனை, கடவுளுக்கு நிகரான ஆற்றல் படைத்த டாக்டர் மன்காட்டன் கொன்றுவிடுகிறார். தொலைக்காட்சித் தொடர் இந்தக் கதைக்கு முப்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின், 2019இல் தொடங்குகிறது. நாயகி ஏஞ்சலா ஏபார் டல்சாவின் காவல்துறைத் துப்பறிவாளர். முகமூடி அணிந்து பணிபுரிபவள். ரெஜினா கிங் அப்பாத்திரத்தில் நடித்து 2020இல் எம்மி விருது பெற்றார். தொடர் முழுமையாகப் பெற்ற எம்மி விருதுகள் பதினொன்று. அவள் கணவன் கால், தன்னை மறந்து மனித உருவில் வாழும் டாக்டர் மன்காட்டனே என்பது பின்னர் தெரிகிறது. கடைசிப் பகுதியில் அவர் அழிக்கப்படுகிறார். வீடு திரும்பும் ஏஞ்சலாவின் கண்ணில், உடைந்து சிதறிய முட்டைகளுக்கிடையே உடையாத ஒரு முட்டை படுகிறது.

முதற் சாராரின் சான்றுகள் வலிமையானவை. ஏஞ்சலாவும் மன்காட்டனும் முதன்முதல் சந்தித்த இரவில், தம் ஆற்றலை உண்ணத்தக்க ஒரு பொருளுக்குள் வைத்துப் பிறருக்கு வழங்கல் கூடும் என்று அவர் கூறுகிறார். அப்போது அவர் கையில் இருந்தது ஒரு முட்டை. பின்னொரு நாள் அவள் கண்முன் நீச்சல்குளத்து நீரின்மேல் நின்றுகாட்டி, இதை நீ பார்த்து வைத்துக்கொள்வது பின்னர் பயன்படும் என்றும் குறிப்பிடுகிறார். அவரோ முக்காலமும் ஒருங்கே காண்பவர். அத்தகையவர் வீண் வார்த்தை பேசுவாரா? முதற்பகுதியிலேயே ஏஞ்சலா ஒரு பள்ளி வகுப்பறையில் மாணவர்முன் முட்டை உடைத்துக்காட்டும் காட்சி வருகிறது. விதை அங்கே, விளைச்சல் இங்கே. ஆகவே நீர் தாங்கியே தீரும் என்பது அவர்கள் முடிவு.

இரண்டாம் சாராரும் வெறுங்கையோடு வரவில்லை. மன்காட்டன் கூறியது 'கூடும்' என்பதே, 'செய்தேன்' என்பதன்று. ஆற்றலை மாற்றிக்கொள்ள முயன்றவர்கள் என்ன ஆனார்கள் என்பதும் அதே கடைசிப் பகுதியில் காட்டப்படுகிறது. வெள்ளை வெறியர் கூட்டத்தின் தலைவனான மாமன்ற உறுப்பினன் கீன், மன்காட்டனின் ஆற்றலைக் கவர முயன்று குழம்பாய்க் கரைந்து போகிறான். மேலும், நீர்மேல் நடப்பது என்றவுடன் மேலை நாட்டார் உள்ளத்தில் எழும் விவிலியக் கதையில் நடந்தவர் ஒருவர். நடக்க முயன்று அமிழ்ந்தவர் இன்னொருவர். ஏசுவின் அடியா, பேதுருவின் அடியா என்று அந்தக் காலைப் பார்த்து யார் சொல்ல முடியும்? சான்றுகள் அவள் காலடி வரை வருகின்றன; அதற்குமேல் வரவில்லை. இந்த அளவில் தீர்ப்பெழுதச் சொன்னால், எந்த நடுவனும் இரு சாராரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவான்.

மூன்றாம் சாராரின் சினத்துக்கும் காரணம் உண்டு. லிண்டெலாப் பங்கேற்று உருவாக்கிய 'லாஸ்ட்' என்னும் தொடர் 2010இல் முடிந்தபோது, புதிர்களைப் போட்டுவிட்டு விடையளிக்கவில்லை என்று பலர் குறைகூறினர். 2007இல் 'சொப்ரானோஸ்' என்னும் தொடரும் காட்சியின் நடுவே திரையை இருட்டாக்கி முடிந்தது. முடிவைக் கேட்போர் கையில் விட்டுவிடும் உத்தி இன்று பிறந்ததும் அன்று. பிராங்க் ஸ்டாக்டன் என்னும் அமெரிக்க எழுத்தாளர் 1882இல் எழுதிய கதையொன்று உண்டு. இரண்டு கதவுகள், ஒன்றின் பின்னே பெண், மற்றொன்றின் பின்னே புலி, காதலனுக்கு இளவரசி எந்தக் கதவைக் காட்டினாள் என்று சொல்லாமலே கதை முடியும். வகுப்பில் அந்தக் கதையைச் சொல்லும் ஆசிரியர் எவரும் மணியடித்த பின்னும் மாணவர்களிடமிருந்து தப்ப முடியாது என்பது நமக்குத் தெரியும். ஆனால், "சொல்லாமல் விடுவது எல்லாம் கலை" என்று கொண்டால், பாதியில் எழுந்து போகும் ஒவ்வொரு சோம்பேறியும் கலைஞனாகிவிடுவான். ஆகவே ஓர் அளவுகோல் வேண்டும்.

அளவுகோலுக்கு நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. தொல்காப்பியர் செய்யுளின் உறுப்புகளை எண்ணியபோது 'எச்சம்' என்பதையும் ஓர் உறுப்பாகவே எண்ணினார். சொல்லாலோ குறிப்பாலோ கேட்போன் நிறைத்துக்கொள்ளுமாறு நிற்பது எச்சம். எண்ணிப் பாருங்கள்: எச்சம் என்பது உறுப்பு, ஊனம் அன்று. சொல்லப்பட்டவை அனைத்தும் ஒரு திசையைக் காட்ட, சொல்லப்படாதது அத்திசையில் கேட்போனை நடத்திச் செல்லுமானால் அது எச்சம். சொல்லப்பட்டவை எத்திசையும் காட்டாமல் திகைக்க வைத்தால் அது ஊனம். 'வாட்ச்மென்' முடிவு இவ்விரண்டில் எது?

நம் தீர்ப்பு, அது எச்சமே என்பது. காரணம் காட்டுவோம். மூலச் சித்திரக்கதையிலும் ஓர் எச்சம் இருந்தது. அதில் முக்காடிட்டு முகம் மறைத்துக் கழுத்தில் தூக்குக்கயிறு அணிந்த 'ஹூடட் ஜஸ்டிஸ்' என்னும் முதல் வீரன் வருவான். அவன் யார் என்பதை மூரும் கிப்பன்ஸும் உறுதியாகச் சொல்லவே இல்லை. முப்பதாண்டுகளுக்குப் பின் இத்தொடரின் ஆறாவது பகுதி அந்த இடைவெளியை நிரப்பிற்று. அவன்தான் டல்சாவில் பேசாப்படம் பார்த்த அந்தக் கறுப்பினச் சிறுவன்! வில் ரீவ்ஸ் என்று பெயர் சூடி, சட்டத்தை நம்பி, நியூயார்க்கில் காவலர் பணியில் சேர்ந்தவன். உடன் பணியாற்றிய வெள்ளைக் காவலர்களே அவனுக்கு முக்காடிட்டு மரத்தில் தூக்கிலேற்றி, உயிர் போகுமுன் இறக்கிவிடுகிறார்கள். இது எச்சரிக்கை என்கிறார்கள். அந்த முக்காட்டையே முகமூடியாக்கி, அந்தக் கயிற்றையே அணியாக்கி, கண்ணைச் சுற்றி வெண்சாயம் பூசி, வெள்ளையன் என்று உலகம் நம்பும்படி அவன் அநீதியை எதிர்க்கப் புறப்படுகிறான். முதல் வீரன் எனப் போற்றப்பட்டவனின் முகமூடிக்குப் பின்னே இருந்தது, வரலாறு மறைத்த முகம்! மூலக்கதை அந்த இடத்தைத் திறந்து வைக்காதிருந்தால், இந்த உண்மை நுழைவதற்கு வழி ஏது? திறந்து விட்ட முடிவு பின்வருவோர்க்கு வைத்த வாயில் என்பதை இத்தொடரே மெய்ப்பித்திருக்கிறது. வாயிலால் பயன்பெற்றவர்கள் தாமும் ஒரு வாயிலைத் திறந்து வைத்தனர், இதில் தவறென்ன?

இன்னும் ஒரு காரணம் உண்டு. அதுவே நமக்குப் பெரிதாகத் தோன்றுவது. ஏஞ்சலா இத்தொடரில் இரண்டு முறை விழுங்குகிறாள். முதலில் விழுங்குவது பாட்டனாரின் நினைவுகள் அடங்கிய மாத்திரைகளை. அந்த வில் ரீவ்ஸ்தான் அவள் பாட்டனார். மாத்திரை உள்ளே சென்றதும், அவர் கழுத்தில் விழுந்த கயிறு அவள் கழுத்தில் விழுகிறது. அவர் உற்ற அவமானம் அவள் உறும் அவமானமாகிறது. இரண்டாவதாக விழுங்குவது முட்டையை. முதலில் விழுங்கியதன் விளைவை ஒரு முழுப் பகுதி அளவுக்கு நமக்குக் காட்டினார்கள். இரண்டாவதாக விழுங்கியதன் விளைவை ஒரு நொடிகூடக் காட்டவில்லை. ஏன் இந்த வேற்றுமை? முன்னோர் பட்ட காயம் பின்னோர்க்கு வந்து சேர்வது உறுதி. அதற்கு ஐயமே இல்லை. காயத்தைப் போக்கும் ஆற்றல் வந்து சேருமா என்பதுதான் ஐயம். இந்த வேற்றுமையைச் சொல்லாமற் சொல்வதற்கே திரை இருண்டது என்று நாம் கொள்கிறோம். துன்பத்தின் மரபுரிமைக்குச் சான்று தேவையில்லை; நீதியின் மரபுரிமைதான் இன்னும் நிலைநாட்டப்படவில்லை.

நீர் தாங்கியதாகவே காட்டியிருந்தால் என்ன ஆகும்? நல்லவள் கையில் பேராற்றல் வந்தது. இனிக் கவலையில்லை என்று பார்ப்போர் நிம்மதியாக உறங்கப் போவர். ஆனால், அரியணையில் அமர்ந்தவரை மாற்றிவிட்டு அரியணையை அப்படியே விட்டுவைப்பது சீர்திருத்தமாகுமா? மன்காட்டனும் கெட்டவர் அல்லர். அணுவையும் ஆட்டிப்படைக்கும் ஆற்றல் அவரிடம் இருந்தது. எனினும் வியட்நாமில் ஒரு கருவுற்ற பெண்ணைத் தம்முடன் வந்தவன் சுட்டுக் கொன்றபோது, துப்பாக்கியைத் தூளாக்க வல்ல அவர் பார்த்துக்கொண்டு நின்றார் என்று மூலக்கதை கூறுகிறது. தொடரின் முடிவில் முதியவர் வில் ரீவ்ஸும் மறைந்த மன்காட்டனைப் பற்றி அதையே வேறு சொற்களில் கூறுகிறார்: நல்லவர்தான்; ஆனால் அவரிடம் இருந்த ஆற்றலுக்கு அவர் செய்தது போதாது. நன்மனமும் பேராற்றலும் ஓரிடத்தில் சேர்ந்தால் போதும், நீதி தானே விளையும் என்னும் நம்பிக்கையைத் தொடர் ஒன்பது பகுதிகளிலும் உடைத்துக்கொண்டே வந்தது. கடைசி நொடியில் அந்த நம்பிக்கையையே ஒட்டவைத்திருந்தால், தன் வாதத்தைத் தானே மறுத்ததாகும்.

மூழ்கியதாகக் காட்டியிருந்தால்? அது இன்னும் கொடிது. கொலையுண்டோர் மரபில் வந்த ஒரு பெண், வாழ்நாளில் ஒருமுறை உயரக் கால் வைத்தாள். வைத்தவள் தண்ணீரில் விழுந்து தத்தளித்தாள் என்று காட்டி நகைப்பதற்கா ஒன்பது வாரம் நடத்தினார்கள்? ஆகவே காட்டுவதற்கு உரிய முடிவு இரண்டும் இல்லை. காட்டாமல் விட்டதே முறை.

இப்படிக் கூறுவதால் தொடரில் குறையே இல்லை என்று நாம் சாதிப்பதாகக் கொள்ள வேண்டாம். குறைகள் உண்டு. அவற்றுள் பெரியது லேடி ட்ரியூ என்னும் பாத்திரத்துக்கு இழைத்த அநீதி. அவள் வியட்நாமியத் தாய்க்குப் பிறந்தவள். மூன்றாம் நூற்றாண்டில் அந்நிய ஆட்சியை எதிர்த்து வாளெடுத்த வியட்நாமிய வீராங்கனையை நினைவூட்டும் பெயர் கொண்டவள். இக்கதையுலகில் அமெரிக்கா வியட்நாமை வென்று தன் மாநிலங்களுள் ஒன்றாக்கிக்கொண்டது. வென்று கொடுத்தவர் மன்காட்டன். அடிமைப்பட்ட நாட்டின் மகள் அந்த ஆற்றலைக் கேட்கிறாள். அணு ஆயுதங்களை ஒழிப்பேன், காற்றைத் தூய்மை செய்வேன் என்கிறாள். அவள் ஆணவக்காரி என்று வைட் ஒரு சொல்லில் தீர்ப்பளிக்கிறான். வானிலிருந்து பனியுருண்டைகளைப் பொழிந்து கொன்றும் விடுகிறான். அவனோ அவளைப் பெற்றும் மகளென ஏற்க மறுத்த தந்தை! ஏஞ்சலாவுக்கு மட்டும் வினாக்குறி, ட்ரியூவுக்கு முற்றுப்புள்ளி. இருவருமே வியட்நாமில் வளர்ந்தவர்கள். இருவருமே பிறர் போரால் காயமுற்றவர்கள். ஆற்றலைத் தேடி அலைபவர்க்கு ஆற்றல் தரலாகாது என்பது நல்ல கொள்கைதான். ஆனால் அந்தக் கொள்கையைக் கூறும் தகுதி, இலட்சக்கணக்கானோரைக் கொன்ற கைக்கு ஏது? அணு ஆயுதமற்ற உலகைக் கேட்ட பெண்ணின் வழக்கையும் ஒருமுறை கேட்டிருக்கலாம். கேளாமலே தீர்ப்பெழுதிய இந்த இடத்தில், தொடர் தான் எதிர்க்கும் பழக்கத்தையே பின்பற்றிவிட்டது.

இனி நாம் கூற வந்த முக்கியமான செய்திக்கு வருவோம். இந்தத் தொடருக்கு முடிவு ஒன்றல்ல, இரண்டு. எல்லோரும் குளக்கரையில் நின்றுகொண்டு வாதாடுவதால், மற்றொரு முடிவைக் கண்டு பேசுவோர் சிலரே. அது நடப்பது பனி சூழ்ந்த தென்துருவக் கண்டத்தில், வைட்டின் மாளிகையில். லாரி பிளேக் என்னும் புலனாய்வு அதிகாரியும் வேட் டில்மன் என்னும் காவலரும், 1985ஆம் ஆண்டுப் படுகொலைக்காக வைட்டைக் கைது செய்கின்றனர். அவன் நகைக்கிறான், நான் உலகைக் காத்தவன் என்கிறான், பேசிக்கொண்டே போகிறான். வேட் ஓர் இரும்புக் கருவியால் ஓர் அடி வைத்து அவன் பேச்சை நிறுத்துகிறார். அவன் தானே பதிவு செய்துவைத்த ஒப்புதல் படச்சுருள் அவர்கள் கையில் சான்றாக இருக்கிறது. மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை, முட்டையும் இல்லை. கையில் சான்று, நெஞ்சில் துணிவு, இரண்டு சாதாரண மனிதர்கள்!

லாரி யார்? 1985இல் அந்த உண்மையை அறிந்தும் வாய் மூடிக்கொண்டவர்களுள் ஒருத்தி. வேட் யார்? அன்று இளைஞனாய் நியூயார்க் அருகே அந்தப் பேரழிவில் சிக்கி, அதன் அச்சத்திலேயே தன் வாழ்நாளைக் கழித்தவன். மௌனம் காத்தவளும் மௌனத்தால் வதையுண்டவனும் சேர்ந்து அந்த மௌனத்தை உடைக்கிறார்கள். இப்போது முதற்காட்சியை நினைத்துப் பாருங்கள். திரையிலே பாஸ் ரீவ்ஸ் செய்தது என்ன? ஊரைக் காப்பவன் என்று பெயர் வாங்கிய திருடனைக் கைது செய்தார்; கொல்லவில்லை; சட்டத்தின்முன் நிறுத்தச் சொன்னார். கடைசிப் பகுதியில் லாரியும் வேடும் செய்வது அதுவே. உலகைக் காத்தவன் என்று பெயர் வாங்கிய கொலைகாரனைக் கைது செய்கிறார்கள், கொல்லவில்லை, சட்டத்தின்முன் நிறுத்தப் போகிறார்கள். சிறுவன் 1921இல் கைதட்டிய காட்சிக்கு மெய்யான விடை குளக்கரையில் இல்லை, இங்கே இருக்கிறது.

"அப்படியாயின் குளக்கரைக் காட்சியை ஏன் இறுதியில் வைத்தார்கள்? கைது செய்யும் காட்சியை அன்றோ இறுதியில் வைத்திருக்க வேண்டும்? ஆசிரியர் கருதாத பொருளை நீங்கள் வலிந்து ஏற்றுகிறீர்கள்" என்று ஒருவர் கேட்கலாம். நேர்மையான கேள்வி. இறுதியில் வைக்கப்படுவதே பார்ப்போர் நெஞ்சில் தங்கும் என்பது தொழில் தெரிந்த லிண்டெலாப்புக்குத் தெரியாததன்று. அற்புதத்தின்மேல் அவருக்கிருந்த மோகம், கைது என்னும் எளிய நிகழ்ச்சியைப் பின்னுக்குத் தள்ளிற்று என்றே நாம் குறைகூறுவோம். கைதாகிய வைட் வழக்குமன்றத்தில் நின்றானா, தண்டனை பெற்றானா என்பதும் காட்டப்படவில்லை என்பதை மட்டும் அவர் சார்பில் சொல்லலாம். அந்த முடிவும் ஓர் எச்சமே. எனினும் ஒரு வேற்றுமை உண்டு. ஏஞ்சலாவின் அடியை நீர் தாங்குமா என்பது பார்ப்போர் கையில் இல்லை, கற்பனைதான் செய்யலாம். வைட் போன்றோர் தண்டனை பெறுவார்களா என்பது பார்ப்போர் கையில் இருக்கிறது; அதற்குக் கற்பனை தேவையில்லை, உறுதி போதும்.

இந்த வேற்றுமை வெறும் இலக்கிய நயம் அன்று என்பதற்கு டல்சாவே சான்று. ஓக்லகோமா மாநிலம் அமைத்த ஆய்வுக்குழு 2001இல் தன் அறிக்கையை அளித்தது. உயிர்பிழைத்தோர்க்கும் மரபினர்க்கும் ஈடு செய்ய வேண்டும் என்றது. தொடரின் கற்பனை உலகில் அந்த ஈட்டைக் குடியரசுத் தலைவரே சட்டமாக்கிக் கொடுத்துவிடுகிறார். மெய்யுலகில் நடந்தது வேறு. உயிரோடிருந்த மிகச் சிலர், நூறு வயதைக் கடந்த நிலையில், நீதி கேட்டுத் தொடுத்த வழக்கு ஓக்லகோமா உச்ச நீதிமன்றத்தால் 2024 ஜூன் மாதத்தில் தள்ளுபடி செய்யப்பட்டது. 2025 ஜனவரியில் அமெரிக்க நீதித்துறை ஓர் அறிக்கை வெளியிட்டது. நடந்தது கட்டுக்கடங்காத கூட்டத்தின் வெறி மட்டுமன்று, ஒருங்கிணைந்து படைபோல் நடத்திய தாக்குதல் என்று அது ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்ட கையோடு, குற்றவாளிகள் எவரும் இன்று உயிரோடில்லை, வழக்குத் தொடரும் காலவரம்பும் கடந்துவிட்டது, ஆகவே வழக்குத் தொடர வழியில்லை என்றும் கூறிற்று. நூற்று நான்கு ஆண்டுகள் காக்க வைத்துவிட்டு, காலம் கடந்துவிட்டது என்று கூறினால், கடத்தியது யார் என்று கேட்க வேண்டாமா?

கேட்போர் பலராக வேண்டும் என்பதே நம் அவா. இத்தொடரைப் பார்க்கும் இளைஞர்கள், பார்த்து முடித்த இரவில் வழக்கம்போல நீர் தாங்கிற்றா, மூழ்கினாளா என்று வாதாடட்டும், நாம் தடுக்கவில்லை. வாதாடிக் களைத்தபின் முதற்பகுதியை மீண்டும் ஒருமுறை போட்டு, படக்கொட்டகையில் தனியே அமர்ந்து கைதட்டிய அந்தச் சிறுவனைப் பார்க்கட்டும். அவன் எதிர்பார்த்தது தண்ணீரில் நடக்கும் தெய்வத்தை அன்று. திருடனைப் பிடித்துக்கொண்டு வரும் ஒரு காவலரைத்தான். அந்தக் காவலர் டல்சாவுக்கு இன்னும் வந்து சேரவில்லை.